என் காதும் கன்னிவாடி ரேடியோவும்

"இதுதான் களவு போன செட்டு, ஏட்டையா. நான் உத்தரவாதம்" என்று சொல்லி, கன்னிவாடி பஞ்சாயத்து ரேடியோவை நோக்கி விரலை நீட்டினேன்.

நீட்டிய விரலை அங்கேயே வெட்டியிருக்கலாம். கன்னிவாடிக்காரர்கள் நல்லவர்கள், வெட்டவில்லை.

சாயங்கால நேரம். தோட்ட வேலை முடித்து, கைகால் கழுவிய ஈரத்தோடு ஆட்கள் பஞ்சாயத்துக் கட்டடத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ரேடியோவில் யாரோ ஒருவர் கத்தரிச் செடிக்கு வரும் பூச்சியைப் பற்றி மிகுந்த பரிவோடு பேசிக்கொண்டிருந்தார். என் மடியில் ஒரு பிஸ்கட் டப்பா. அதிலிருந்து ஒரு வயர் புறப்பட்டு என் காதில் மாட்டியிருந்த ஹெட்போனுக்கு வந்தது. பார்ப்பவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "ஏலே, யாரைப் பாத்துக் களவாணிங்கிற?"

அவருக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் எழுந்தார்கள். இந்த இடத்தில் கதையை நிறுத்திக் கொஞ்சம் பின்னால் போகிறேன். அடியைத் தள்ளிப்போடும் வசதி அன்றைக்கு எனக்கு இல்லை, இன்றைக்கு இருக்கிறது.

பெட்டிக்கு ஒரு குரல்

போன வாரம் ஜீப்பைப் பற்றி நான் எழுதியதைப் படித்த வாசகர் ஒருவர், "உமக்கு உண்மையில் என்ன வேலைதான் தெரியும்?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. என் மனைவி கல்யாணமான நாளிலிருந்து கேட்டு வருவது.

அப்போது நான் பஞ்சாயத்து ரேடியோக்களுக்கு மெக்கானிக். ஊருக்கு ஒரு செட்டு. பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஓர் அறையில் பூட்டி வைத்திருப்பார்கள். பொறுப்பான ஒருவர் சாயங்காலம் அறையைத் திறந்து பாட விடுவார், ஊரே கேட்கும். கரண்டு இன்னும் வராத ஊர்களில் பாட்டரி. சாணார்பட்டி, கன்னிவாடி, குஜிலியம்பாறை என்று திண்டுக்கல்லைச் சுற்றிப் புழுதியைத் தின்றபடி ஜீப்பில் அலைவேன். ஜீப்பை ஓட்டியவர் கரீம் பாய். என்னைவிட வயதில் மூத்தவர். என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுவார். ஆனால் அந்த 'சார்' எப்போதும் லேசாகச் சிரித்துக்கொண்டே வரும்.

ரேடியோ என்பது வெறுமே வாங்கிக் கேட்கிற பெட்டி என்று நினைப்பவர்களுக்கு ஒரு சங்கதி. அது பாடும்போது, அதன் வயிற்றில் இருக்கும் ஒரு காயிலும் (கம்பிச் சுருள்தான்) ஒரு வால்வும் சேர்ந்து தங்கள் பங்குக்கு மெல்லியதாக ஓர் அலையை வெளியே விடும். நாலு வீடு தாண்டினால் அது செத்துவிடும். மனிதக் காதுக்குக் கேட்காது. என் பிஸ்கட் டப்பாவுக்குக் கேட்கும். டப்பாவுக்குள் இருந்தது ஒற்றை வால்வு வைத்து நானே கட்டிய குட்டி ரேடியோ. அதன் குமிழைப் பதமாகத் திருப்பினால், பக்கத்தில் பாடும் செட்டின் அலை 'உய்ய்' என்று விசிலாக வந்து விழும்.

எல்லாச் செட்டும் ஒரே கம்பெனியில் ஒரே மாதிரி செய்த பெட்டிகள்தான். விசில் மட்டும் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. சாணார்பட்டிச் செட்டின் விசில் குளிரில் நிற்பவனைப்போல நடுங்கும். கன்னிவாடிச் செட்டின் விசில் உச்சியில் தொடங்கி, பெட்டி சூடாக ஆக, மெல்லச் சறுக்கிச் சறுக்கிக் கீழே இறங்கும். குஜிலியம்பாறைப் பக்கத்தில் ஒரு மானாவாரி ஊர். கரட்டுப்பட்டி என்று பொய்ப் பெயர் வைத்துக்கொள்வோம். அந்த ஊர்ச் செட்டின் விசில் ஆடாமல் அசையாமல் ஒரே கோடாக நிற்கும். (கன்னிவாடியின் பெயரை மட்டும் ஏன் மறைக்கவில்லை என்றால், அவர்களிடம் வாங்க வேண்டியதையெல்லாம் அன்றைக்கே வாங்கிக்கொண்டுவிட்டேன்.)

இப்படி ஒரு சுற்று முழுக்கப் போய், ஊர் ஊராக விசிலை மனப்பாடம் செய்தேன். இதற்கு யாரும் சம்பளம் தரவில்லை. தலைக்கனம் ஒன்றுதான் கூலி. "கண்ணக் கட்டி விடுங்க, பெட்டியத் தொடாமலே எந்த ஊருச் செட்டுன்னு சொல்றேன்" என்று டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், சாவு வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் மட்டும் எடுபடவில்லை. "ஊருல இருக்க ரேடியோ பூராம் காதுல விழுது. அரிசி இல்லன்னு காலைலருந்து கத்துறேன், அது விழுகல" என்றாள் மனைவி.

சவரிமுத்து வாத்தியார்

கரட்டுப்பட்டி ரேடியோவுக்குப் பொறுப்பு சவரிமுத்து வாத்தியார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லுக்குப் பூசைக்குப் போனாலும் சாயங்காலத்துக்குள் திரும்பிவந்து ரேடியோ அறையைத் திறந்துவிடுவார். ரேடியோவில் சொல்லும் மழைச் செய்தியையும் கடலை விலையையும் ஒரு கரும்பலகையில் எழுதி வெளியே சாத்தி வைப்பார். கேட்க வராதவர்கள் மறுநாள் காலையில் பார்த்துக்கொள்ளலாம். எழுத்து அவ்வளவு அழகாக இருக்கும்.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு நாள் அறையைத் திறந்தால் செட்டும் இல்லை, பாட்டரியும் இல்லை. பூட்டு உடையவில்லை. சாவி வாத்தியாரின் இடுப்பில்.

ஊர்ப் பிரசிடெண்டு ஊர்ப் பொதுத் திடலான மந்தையில் எல்லாரையும் கூட்டினார். நான் அப்போது சுற்றில் அங்கே போயிருந்தேன். "திண்டுக்கல்லுப் பூட்டு. சாவியில்லாம எமனாலயும் தொறக்க முடியாது. சாவி உங்ககிட்ட. அப்ப செட்டு எங்க வாத்தியாரே? வித்துத் தின்னுட்டீரா? இப்படிக் களவாணி வேல பாக்கத்தான் படிச்சீரா?"

வாத்தியார் எழுந்து நின்று, "நான் எடுக்கலைங்க" என்றார். வெள்ளிக்கிழமைக்குள் செட்டு வராவிட்டால் போலீசில் எழுதிக் கொடுப்பது என்று பிரசிடெண்டு முடிவாகச் சொன்னார். எழுதிக் கொடுத்தால் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்க மாட்டார்கள். வேலை போகும், பேரும் போகும். அந்த வட்டாரத்தில் வேறெங்கும் அவரால் சாக்பீஸைத் தொட முடியாது.

நான் சும்மா இருந்திருக்கலாம். எழுந்துவிட்டேன்.

"பெட்டிய மாத்தலாம், நம்பர்த் தகட்டப் பிடுங்கலாம். குரல மாத்த முடியாது. எங்க இருந்தாலும் பிடிச்சுக் குடுக்கிறேன்" என்றேன். மந்தை முழுக்க என்னையே பார்த்தது. எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைப்பானேன்?

கூட்டம் கலைந்ததும் வாத்தியார் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "சார், உங்கள மட்டும்தான் மலைபோல நம்பியிருக்கேன்." அவருடைய கை சில்லென்று இருந்தது.

காற்று அடித்த திசை

மறுநாளே டப்பாவோடு புறப்பட்டோம். முதலில் திண்டுக்கல் டவுன். மலைக்கோட்டைக்குத் தெற்கே ஒரு தெருவில் ஜீப் ஊர்ந்து போகும்போது ஹெட்போனில் ஒரு விசில் வந்தது. உச்சியில் தொடங்கி, மெல்லச் சறுக்கி, கீழே.

துள்ளிக் குதித்தேன். "பாய், கேளுங்க! கன்னிவாடிச் செட்டு! இம்புட்டுத் தூரத்துக்குக் கேக்குது! என்ன காது பாத்தீங்களா?"

கரீம் பாய் ஹெட்போனை வாங்கிக் கேட்டார். "நாலு வீடு தாண்டாதுன்னு நீங்கதான சொன்னீங்க? கன்னிவாடி எங்க இருக்கு, நாம எங்க இருக்கோம் சார்?"

"காத்து அந்தப் பக்கமிருந்து அடிக்குது பாய்" என்றேன்.

ரேடியோ அலை காற்றில் அடித்துக்கொண்டு வராது என்று முதல் பாடத்திலேயே சொல்லித் தருவார்கள். நான் அதில் நல்ல மார்க்கு வாங்கியவன். ஆனாலும் சொன்னேன். பாய் கியரை மாற்றினார்.

அடுத்து கன்னிவாடிக்குப் போனோம். பஞ்சாயத்துக் கட்டடத்துக்கு எதிரே ஜீப்பை நிறுத்திக் குமிழைத் திருப்பினேன். விசில் வந்தது. ஆடவில்லை, அசையவில்லை, ஒரே கோடு. கரட்டுப்பட்டிக் குரல்! கன்னிவாடிக்காரர்கள் கரட்டுப்பட்டிச் செட்டைத் தூக்கிவந்து தங்கள் அறையில் வைத்துக்கொண்டார்கள் என்று என் மூளை முடிவு செய்தது. அவர்களுக்குத்தான் சொந்தமாக ஒரு செட்டு இருக்கிறதே, இன்னொன்று எதற்கு என்று அந்த மூளை கேட்கவில்லை. ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போய், குஜிலியம்பாறைப் பக்கத்து ஏட்டையாவை மறுநாள் சாயங்காலம் கையோடு கூட்டிவந்தேன்.

அதாவது, தொடங்கிய இடத்துக்கு வந்துவிட்டோம்.

என் கைவண்ணம்

"அடிக்கிறதுக்கு முன்னால தொறந்து பாத்துருங்க" என்றேன். நியாயமாகப் பட்டதோ என்னவோ, பெரியவர் ஒதுங்கி நின்றார். ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பின்பலகையைக் கழற்றினேன். கரட்டுப்பட்டிச் செட்டு என்பதற்கு ஏதாவது அடையாளம் காட்டிவிட வேண்டும் என்று துழாவினேன்.

அடையாளம் இருந்தது. காயிலின் அடியில் ஈயம் பற்றவைத்த இடம், குருவி எச்சம் போட்டதுபோல உருண்டையும் திரளையுமாக இருந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. திண்டுக்கல் வட்டாரத்தில் அவ்வளவு கேவலமாக ஈயம் வைக்கக்கூடியவன் ஒருவன்தான். அது நான்.

எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. சில மாதங்களுக்கு முன் கன்னிவாடிக்குப் பெரிய அதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது. சறுக்குகிற காயில் என்பதால் அந்தச் செட்டில் ஸ்டேஷன் நிற்காது. குமிழைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்பேர் கேட்டு எழுதினால் வந்து சேர்வதற்குள் அதிகாரிக்கே ரிட்டயர்மெண்டு ஆகிவிடும். இதற்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. கேட்பாரற்ற ஓர் ஊரின் நல்ல காயிலைக் கழற்றிக்கொண்டு, கெட்ட காயிலை அங்கே மாட்டிவிடுவது. எந்த ஊரில் பொறுமைசாலி பொறுப்பாளர் இருக்கிறாரோ அந்த ஊருக்குத்தான் கெட்டது போகும். கரட்டுப்பட்டியில் சவரிமுத்து வாத்தியார் இருந்தார். கழற்றி மாட்டினேன். "கொமிழக் கொஞ்சம் பாத்துக்கங்க சார்" என்றேன். அவரும் சரி என்று தலையாட்டினார்.

காயில் மாறினால் குரலும் கூடவே மாறிவிடும். மாற்றிய பிறகு டப்பாவை வைத்துக் கேட்டேனா? இல்லை. எனக்குத்தான் எல்லாக் குரலும் மனப்பாடம் ஆயிற்றே!

"என்ன, கெடச்சுச்சா?" என்றார் பெரியவர்.

"மன்னிச்சிருங்க. இது உங்க செட்டுத்தான். நாந்தான் முட்டாளு" என்றேன்.

அடிக்கவில்லை. திட்டினார்கள். பிறகு சோறு போட்டு, சுண்டைக்காய் வெஞ்சனமும் வைத்து, சாப்பிடும்போதும் திட்டினார்கள். "எங்களக் களவாணின்னேல்ல? கோயில் மைக்கு செட்டு கொரகொரங்குது. அத ஒழுங்காப் பாத்துக் குடுத்துட்டுப் போப்பு" என்றார் பெரியவர். பார்த்துக் கொடுத்தேன். ஈயம் மட்டும் நன்றாக உருகட்டும் என்று கூடுதல் நேரம் வைத்தேன்.

திரும்பும் வழியில் ஏட்டையா கொட்டாவி விட்டார். "ஒம்ம காத நம்பி ஒரு நாளு போச்சு. இனி வேற ஆளத் தேடணுமா? நாளைக்குப் பிரசிடெண்டு எழுதிக் குடுத்ததும் வாத்தியாரக் கூட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

என் வாய்ச்சவடால் வாத்தியாருக்குச் செய்த உபகாரம் அவ்வளவுதான். என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

ஏட்டையாவை இறக்கிவிட்ட பிறகுதான் மரமண்டையில் உறைத்தது. கரட்டுப்பட்டியின் நல்ல காயில் கன்னிவாடியில் இருக்கிறது என்றால், கன்னிவாடியின் சறுக்குகிற காயில் காணாமல் போன செட்டுக்குள் இருக்கிறது. சறுக்குகிற அந்த விசிலை நான் கேட்டேன். திண்டுக்கல்லில், தெற்குத் தெருவில், இதே காதால்.

"பாய், காலைல மொத வேலையா அந்தத் தெருவுக்குப் போகணும்."

"ஏன் சார், காத்து திரும்பிருச்சா?" என்றார் கரீம் பாய்.

தெற்குத் தெரு வீடு

காலையில் டப்பாவைக் கையில் ஏந்தி, ஹெட்போனோடு தெருவில் நடந்தேன். பல்பொடி விற்கிறவன் என்று நினைத்து ஓர் அம்மாள் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். நடுத்தெருவில் ஒரு வீட்டு வாசலில் விசில் பலமாக வந்தது. உள்ளே ரேடியோவில் பக்திப் பாட்டு.

கதவைத் தட்டினேன். புதுத் தாலிச் சரடு மினுங்க ஒரு பெண் வந்தாள். கூடத்தில், பளபளக்கும் தேக்குப் பெட்டிக்குள் ரேடியோ. பக்கத்திலேயே பாட்டரி. டவுனில், கரண்டு இருக்கும் வீட்டில், பாட்டரி ரேடியோ!

"யாருண்ணே நீங்க?"

"பஞ்சாயத்து ரேடியோ மெக்கானிக்கும்மா. இந்தச் செட்டு எங்க வாங்குனது?"

"எங்கப்பா தலத் தீவாளிச் சீராக் குடுத்தது. எங்கப்பா கரட்டுப்பட்டிப் பிரசிடெண்டு."

பாதி முழுங்கி, பாதி துப்பி, விஷயத்தைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை, போலீசு, வாத்தியார் எல்லாவற்றையும்.

"எந்த வாத்தியாரு? சவரிமுத்து சாரா?" அவள் போய் ரேடியோவை அணைத்தாள். "அவருட்டதான் நான் எழுதப் படிச்சேன். நீங்க போங்கண்ணே. அப்பா டவுனுக்குத்தான் வந்திருக்காரு. சாப்பிட வருவாரு, நான் பேசிக்கிறேன்."

பேசிக்கிறேன் என்றால் என்ன அர்த்தம்? ஒளித்துவைத்துவிடுவாளோ என்று எனக்கு உதறல். கரட்டுப்பட்டிக்குப் பறந்தோம். ஏட்டையா பள்ளிக்கூடத்து மரத்தடியில் உட்கார்ந்து பிரசிடெண்டுக்காகக் காத்திருந்தார். செட்டு இருக்குமிடத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"கன்னிவாடியிலயும் இப்படித்தான சொன்னீரு? நேத்து கன்னிவாடி, இன்னைக்குப் பிரசிடெண்டு மக வீடு. நாளைக்கு எம் வீட்டு ரேடியோவக் காட்டுவீரு. போயி வேலையப் பாருமய்யா."

உண்மையைக் கையில் வைத்திருக்கிறேன், நம்ப ஓர் ஆள் இல்லை. நான் பேசிப் பேசியே என் பேச்சுக்கு மதிப்பில்லாமல் செய்து வைத்திருந்தேன். வகுப்பறைக்குள் வாத்தியார் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மந்தை

மத்தியானப் பஸ் வந்தது. பஸ்ஸின் மேலேயிருந்து, சேலை சுற்றிய ஒரு பெட்டியை இறக்கினார்கள். பின்னாலேயே அந்தப் பெண். அவளுக்குப் பின்னால், தலையைக் குனிந்துகொண்டு பிரசிடெண்டு.

ஏட்டையாவின் சிரிப்பு நின்றுபோனது. நான் டப்பாவைத் திறந்துகொண்டு தயாரானேன். காயிலைப் பற்றி, விசிலைப் பற்றி, ஒரு பிரசங்கமே மனதுக்குள் வைத்திருந்தேன்.

பிரசிடெண்டு வாத்தியாரைப் பள்ளிக்கூடத்து மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார். மகளும் நானும் பின்னாலேயே போனோம். "வாத்தியாரே, மாப்பிள்ள வீட்டுல ரேடியோ கேட்டாக. எனக்குத் தோது இல்ல. பூட்டு வாங்கயில கூட வந்த சாவி எங்கிட்ட கெடந்துச்சு, புத்தி கெட்டுப் போச்சு. நடந்தது நடந்துருச்சு. செட்டு எங்கயோ கெடந்து எடுத்தாந்தோம்னு சொல்லிருவோம். உங்களுக்கு ஒண்ணும் வராது."

வாத்தியார் கையிலிருந்த சாக்பீஸ் தூளை வேட்டியில் துடைத்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அன்றும் உயரவில்லை.

"மந்தையில வச்சு என்னக் களவாணின்னீங்க. அன்னைலருந்து எம் பொஞ்சாதி கெணத்துக்குத் தண்ணிக்குப் போகல. இப்ப எங்காதுல வந்து சொன்னா எப்படிங்க? மந்தையில வந்து சொல்லுங்க."

"ஊரு முன்னாலயா? எம் மக அந்த வீட்டுல வாழணுமே வாத்தியாரே..."

"நான் வாழ்ந்துக்கிறேன். நீங்க வாங்கப்பா" என்றாள் மகள்.

இதுதான் தருணம் என்று நான் குறுக்கே புகுந்தேன். "தேவையில்ல சார், நான் விசில வச்சே ஊரு முன்னால நிரூபிச்சு..."

"நீங்க செத்த நேரம் சும்மா இருங்க சார்" என்றார் வாத்தியார். "அவரு சொல்லட்டும்."

டப்பாவை மூடினேன்.

சாயங்காலம் மந்தை நிறைந்துவிட்டது. தேக்குப் பெட்டியோடு செட்டையும் பாட்டரியையும் ஒரு மேஜையில் வைத்தார்கள். பெண்கள் பக்கத்தில் ஓரமாக வாத்தியாரின் மனைவியும் வந்து நின்றார். பிரசிடெண்டு எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"செட்ட வாத்தியாரு எடுக்கல. நாந்தான் எடுத்தேன். அவரக் களவாணின்னு சொன்னது எந் தப்பு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பாய் பார்த்துவிடப் போகிறாரே என்று நிமிர்ந்தால், அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வாத்தியார் போய் ரேடியோவைத் திருகினார். குமிழில் கையை வைத்தபடி பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். பிரசிடெண்டு எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தார். அவருடைய நாற்காலி முன்வரிசையில் காலியாகத்தான் கிடந்தது, ஆனால் அந்தப் பக்கம் அவர் திரும்பவில்லை.

வாத்தியார் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

"நிக்காதீங்க. இப்படி வந்து உக்காருங்க. செய்தி வரப்போகுது."